ஆறு அரைகள்

மார்ச் 4, திங்கள்

இன்று ஓர் அரை வந்து சேர்ந்தது.

கொல்கத்தாவிலிருந்து அனிர்பான் என்று ஓர் ஆராய்ச்சி மாணவன் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறான். எங்கள் கட்டுரையின் இரண்டாவது அட்டவணையைத் தானே கணக்கிட்டுப் பார்த்தானாம். ஏழாவது வரிசையில் நாங்கள் பூஜ்யம் போட்டிருக்கும் இடத்தில் அவனுக்கு அரை வருகிறதாம். தவறு தன்னுடையதாகத்தான் இருக்கும், உங்கள் கணினி நிரலை அனுப்பினால் ஒப்பிட்டுக்கொள்வேன் மேடம் என்று மிகப் பணிவாகக் கேட்டிருக்கிறான். நிஜமாகவே தவறு அவனுடையதுதான் என்று நம்புகிறவன் இவ்வளவு பணிவாக எழுதமாட்டான்.

நானும் என் கணவன் தாணுவும் செய்வது கன்ஃபார்மல் ஃபீல்ட் தியரி. பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும், இடத்துக்கு இடம் வேறு அளவில் இழுத்தாலும், கோணம் மட்டும் மாறாதிருந்தால் போதும், இயற்பியலும் மாறாது என்கிற உலகங்கள். அந்தச் சமச்சீர்கள் எல்லாம் சேர்ந்து ஓர் இயற்கணிதம் ஆகின்றன. எந்தெந்தப் புலங்கள் இருக்கலாம் என்பதை அந்த இயற்கணிதம்தான் தீர்மானிக்கிறது. இரண்டு புலங்கள் சேர்ந்தால் மூன்றாவது எத்தனை விதத்தில் பிறக்கும் என்பதுதான் அட்டவணை. ஒரு விதம், இரண்டு விதம், அல்லது ஒன்றுமே இல்லை. அரை விதம் என்று ஒன்று கிடையாது. பாதிக் கல்யாணம் ஆனவர் என்று யாரும் இல்லையே, அப்படி.

டைரிக்கு எதற்கு இந்த விளக்கம்? ஓ.எம்.ஆர். சாலைக் கல்லூரி ஒன்றில் ஒப்பந்த ஆசிரியையாக ஆறு வருடம் முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுத்து எடுத்து, சுவரைப் பார்த்தாலும் பாடம் நடத்த வருகிறது.

நிரலை ஓட்டிப் பார்த்தேன். அரையெல்லாம் இல்லை. எல்லாம் முழு எண்தான். தாணுவிடம் சொல்லவில்லை. இருபத்தேழாம் தேதி அவனுக்குக் கருத்தரங்கு உரை, அது முடிந்ததும் நேர்காணல். நிரந்தர வேலை. ஜூனில் நாற்பது ஆகிறது. அதற்குப் பிறகு அந்தப் பதவிக்கு அவன் விண்ணப்பமே போட முடியாது. இப்போதிருக்கும் தற்காலிக வேலையும் இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. உரையின் தலைப்பே அந்த அட்டவணைதான். இப்போது போய் அவனிடம் கொல்கத்தாக் கதை சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

மார்ச் 5, செவ்வாய்

தேர்வு மேற்பார்வை. முன்னும் பின்னும் நடந்து கால் வலி. அனிர்பானுக்குப் பதில் போடவில்லை.

மார்ச் 7, வியாழன்

அத்தையை, தாணுவின் அம்மாவை, கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். இடது கண் புரை அறுவைக்குப் பிறகு நன்றாகத் தெரிகிறதாம். என் முகத்தைப் பார்த்து "நீ இவ்வளவு மெலிஞ்சா கெடக்க" என்று நாகர்கோவில் பாஷையில் ஒரு மூச்சு அங்கலாய்த்தார். மாமா போனதிலிருந்து எங்களோடுதான் இருக்கிறார். ஆஸ்பத்திரியில் வரிசை எண் வருவதற்குள் மடிக்கணினியில் நிரலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

கடைசிக்கு முந்தைய வரியில் ஒன்று இருக்கிறது. விடையை அச்சிடும் முன் அருகிலிருக்கும் முழு எண்ணாக்கு என்கிறது அந்த வரி. இது எல்லோரும் செய்வதுதான். இயந்திரம் தசமத்தில் கணக்குப் போடுவதால் ஒன்று வரவேண்டிய இடத்தில் 0.99999 என்று வரும். விடை முழு எண்தான் என்று தேற்றம் இருக்கிறதே என்ற தைரியத்தில் அதை ஒன்றாக்கிவிடுவோம். ஆனால் விடை அரையாக இருந்தால்? பள்ளிக்கூடத்தில் ஒன்றாக்கச் சொல்லித்தந்த அரையை இந்த இயந்திரம் பூஜ்யமாக்கிவிடுகிறது. சத்தமில்லாமல்.

அந்த வரியை நீக்கிவிட்டு ஓட்டினேன். ஆறு அரைகள். ஏழாவது வரிசையில் மூன்று, பன்னிரண்டாவதில் மூன்று.

யாரோ வேலை மெனக்கெட்டு இந்த வரியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். தாணுவுக்கு இந்தப் பழக்கம் உண்டு. சமையலறையிலும் அப்படித்தான், சிந்தியதைத் துடைக்கமாட்டான், மேலே ஒரு தாளைப் போட்டு மூடிவிடுவான்.

மார்ச் 8, வெள்ளி

சிவராத்திரி. அத்தை விரதம். ஊரில் இருந்திருந்தால் பன்னிரண்டு சிவாலயங்களுக்கும் ஓடுகிறவர்களுக்குப் பானகம் கொடுத்துக்கொண்டிருந்திருப்பேன் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சாயங்காலம் தாணுவிடம் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அவன் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே உரையின் முதல் வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். என் புடவையைக் கொடியில் போட்டு, ஓரம் இழுத்து, கரும்பலகையில் சுட்டுவது போல் சுட்டினான். பதினோரு வருடத்தில் ஐந்து ஊர், அதில் நான்கு வருடம் இவன் ஒரு மூலையில் நான் ஒரு மூலையில். இப்படி இவன் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன். கிளிப் டப்பாவை நீட்டிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

எங்கே பிசகியது என்று கண்டுபிடித்துவிட்டேன். கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்.

சமச்சீர் ஒன்று புலங்களை இடம் மாற்றுகிறது. முதலாவது நான்காவதாகும், நான்காவது முதலாவதாகும். அப்படி மாறுகிற ஜோடியை ஒரே புலமாகக் கணக்கில் எடுக்கவேண்டும். அதைச் சரியாகச் செய்திருக்கிறோம். ஆனால் சமச்சீர் எவ்வளவு பிடித்துத் தள்ளினாலும் இடம் மாறாமல் நிற்கிற புலம் ஒன்றிரண்டு இருக்கும். நிலைப்புள்ளி. அதற்கு ஜோடி கிடையாது. ஆகவே அது ஒன்றுதான் என்று யாருக்கும் தோன்றும். தப்பு. அது இரண்டாகப் பிரியவேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றாகத் தெரிகிற இரண்டு. எங்கள் பட்டியலில் ஏழாவதும் பன்னிரண்டாவதும் அப்படி நிற்கின்றன. நாங்கள் பிரிக்கவில்லை. பிரிக்காததைத்தான் அந்த அரை சொல்கிறது.

இந்தத் துறையில் இரண்டாம் வருட மாணவனுக்குக்கூட இது தெரியும். எங்களுக்கும் தெரியும். இந்த வகை இயற்கணிதத்தில் நிலைப்புள்ளி வராது என்று கட்டுரையின் நான்காம் பக்கத்தில் ஒரே வாக்கியத்தில் எழுதிவிட்டுப் போயிருக்கிறோம். "எளிதாகக் காணலாம்" என்று வேறு. எளிதாகக் காணலாம் என்று எழுதுகிற கையை முறிக்கவேண்டும்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. இரண்டையும் முறையாகப் பிரித்து, அட்டவணையைத் திரும்பப் போட்டால் அது வேறொரு புதிய அட்டவணையாக வரலாம். அப்படி வந்தால் கட்டுரை செத்துவிடாது, திருத்தம்தான். தாணு அதையே உரையில் சொல்லலாம். பதினேழு நாள் இருக்கிறது. முடியும்.

மார்ச் 12, செவ்வாய்

அனிர்பான் மறுபடியும் எழுதியிருக்கிறான். அவசரமில்லையாம். ஆனால் அவன் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம் எங்கள் அட்டவணையின் மேல் நிற்கிறதாம்.

"நிரல் பழைய கணினியில் இருக்கிறது, தேடி அனுப்புகிறேன்" என்று பதில் போட்டேன். நிரல் என் மடியில் திறந்து கிடக்கிறது.

மார்ச் 13, புதன்

ஏழாவதைப் பிரித்தாயிற்று. பன்னிரண்டாவது அடம் பிடிக்கிறது. வகுப்பில் ஒரு மாணவியைத் தேவையில்லாமல் திட்டிவிட்டேன்.

மார்ச் 16, சனி

இரண்டையும் பிரித்துவிட்டேன். காலை பத்தரைக்கு அரைகள் எல்லாம் போய்விட்டன. எல்லாம் முழு எண். சமையலறையில் நின்று கையைத் தட்டினேன். அத்தை என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார். அட்டவணையை உற்றுப் பார்த்துக்கொண்டே உருளைக்கிழங்கு உரித்தேன். அது எனக்குத் தெரிந்த முகமாக இருந்தது.

மத்தியானம் வரிசைகளை மாற்றி அடுக்கிப் பார்த்தேன். அப்படியே பொருந்திவிட்டது. முப்பது வருடத்துக்கு மேலாக எல்லோருக்கும் தெரிந்த ஒரு கோட்பாடு, பாடப்புத்தகத்தில் பயிற்சிக் கணக்காகக் கொடுக்கிற அளவுக்குத் தெரிந்தது. நாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த உலகம் என்று ஊரெல்லாம் சொன்னது அதுதான். பிரிக்காமல் விட்டதால் அடையாளம் தெரியாமல் இருந்திருக்கிறது. புதிது என்று எதுவுமே இல்லை. திருத்த ஒன்றும் இல்லை. தூக்கிப் போடத்தான் வேண்டும்.

குளியலறையில் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன். லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டில் குழாயைத் திறந்து விட்டு அழுவது எவ்வளவு கொழுப்பு என்று தோன்றியதும் மூடிவிட்டேன். அதற்கப்புறம் சத்தமில்லாமல் அழ வேண்டியிருந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. இந்த ஊரில் இதைச் சொன்னால் புரிகிற ஆள் எனக்கு ஒருவன்தான் இருக்கிறான். அவனிடம்தான் சொல்ல முடியாது. கடவுளே, என்ன செய்வேன்?

மார்ச் 19, செவ்வாய்

தாணு என்னை நாற்காலியில் உட்காரவைத்து முழு உரையையும் பேசிக் காட்டினான். ஐம்பது நிமிடம். அருமையாகப் பேசுகிறான், அதில் சந்தேகமில்லை. நான் மூன்று நாள் மென்று துப்புவதை இவன் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிடுவான். முடிந்ததும், தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் கேட்கக்கூடிய கேள்வி எல்லாவற்றையும் நீயே கேள், ஒன்றையும் விடாதே என்றான்.

பதினான்கு கேள்வி கேட்டேன். ஒன்றை விட்டுவிட்டேன்.

நடுவில் பெங்களூரிலிருந்து அவன் நண்பன் போன் செய்தான். தாணு ஸ்பீக்கரில் போட்டிருந்தான். "உன் தியரத்தை வச்சு என் மாணவன் ஒண்ணு எழுதியிருக்கான், பாரு" என்றான் நண்பன். உன் தியரம். எங்கள் துறையில் பெயர்களை அகரவரிசையில்தான் போடுவார்கள், யார் பெரியவர் என்ற பேச்சே எழாது. அதன்படி கட்டுரையில் முதலில் இருப்பது, அகரத்தில் தொடங்கும் என் முழுப் பெயர். இருந்தாலும் அது தாணுவின் கட்டுரைதான். அகரவரிசை எனக்கு முதலிடம் கொடுத்தது, வேறு யாரும் கொடுக்கவில்லை. தாணு நண்பனிடம் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னான். நான் பக்கத்தில் இருப்பதையும் சொன்னான். ஆமாம், இருந்தேன்.

அப்போது எனக்கு ஒன்று தோன்றியது. எழுதவேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிடுகிறேன். போகட்டும், அவன் தியரம்தானே, அவனே போய்ச் சொல்லிவிட்டு வரட்டும் என்று தோன்றியது.

மார்ச் 21, வியாழன்

நிரலின் மாற்றங்கள் எல்லாம் தேதியோடும் பெயரோடும் பதிவாகி இருக்கும். எந்த வரியை யார் என்றைக்குச் சேர்த்தார்கள் என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். பார்க்கவில்லை. யார் சேர்த்தால் என்ன, இப்போது அதுவா முக்கியம்? இரண்டு பேரும் சேர்ந்து செய்த வேலை. யார் மேல் பழி என்று தேடுவது சின்னத்தனம்.

ஏழாம் தேதி தாணுவின் பழக்கத்தைப் பற்றி எழுதியிருப்பது கொஞ்சம் அதிகப்படி. அவன் சமையலறையில் துடைக்கத்தான் செய்வான்.

மார்ச் 24, ஞாயிறு

சண்டை. தேங்காய்த் துவையலில் உப்பு இல்லை என்று தாணு சொன்னான். உண்மையிலேயே இல்லை. நான் அதற்குப் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. உனக்காக நான் என் வேலையை விட்டேன், உனக்காக இந்த ஊருக்கு வந்தேன் என்று என்னென்னவோ. எல்லாம் ஓரளவு உண்மைதான், ஆனால் துவையலுக்குச் சம்பந்தமில்லாதது.

அத்தை உள்ளே போய்விட்டார். அவர் முன்னால் நான் அவனை நீ என்று கூப்பிடுவது வழக்கமில்லை, இன்று மறந்துவிட்டேன்.

தாணு கோபப்படவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வல்லி, நீ என்னத்தையோ மனசுல வச்சிக்கிட்டு இருக்க. இருபது நாளாப் பாக்கேன். ஒடம்புக்கு ஏதாவதா? டாக்டர் எதாவது சொன்னாங்களா?" என்றான். அவன் முகம் வெளுத்துப் போயிருந்தது. எனக்கு ஏதோ பெரிய வியாதி என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அதை எண்ணிக்கொண்டுதான் இத்தனை நாளும் உரையைத் தயார் செய்திருக்கிறான்.

ஒன்றுமில்லை, களைப்பு என்றேன். இதைவிட நல்ல சந்தர்ப்பம் இனி வராது என்று தெரிந்துகொண்டே சொன்னேன்.

பிறகு அத்தை அடுக்களைக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். "எதுக்குட்டீ இப்பிடிக் கெடந்து சாகுத? சொல்லித் தொலச்சா என்ன?" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. சொல்லுகிறேன் அத்தை என்றேன்.

மார்ச் 26, செவ்வாய்

நாளைக்கு உரை. அவன் சட்டைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன்.

இந்த டைரியை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். "யாரோ வேலை மெனக்கெட்டு இந்த வரியைப் போட்டு வைத்திருக்கிறார்கள்." யாரோ! எனக்கே எழுதுகிற இடத்திலும் இந்தப் புளுகு. சீ.

அந்த வரியை எழுதியது நான். பதிவைப் பார்க்கவேண்டிய தேவையே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன், அக்டோபர் பத்தொன்பது, காலை ஒன்பது நாற்பது. அன்று முதன்முதலாக முழு அட்டவணையும் ஓடியது. ஆறு இடத்தில் அரை. ஒரு கணம்கூட எனக்குச் சந்தேகம் வரவில்லை என்று சொல்ல முடியுமானால் எவ்வளவு நன்றாக இருக்கும். வந்தது. நிலைப்புள்ளி என்ற வார்த்தையே மனதில் வந்தது. தசமப் பிழை, தசமப் பிழை என்று எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டு அந்த வரியை எழுதினேன். தசமப் பிழை அச்சு அசலாக அரையில் வந்து நிற்காது. அதுவும் தெரியும்.

ஏன்? அந்த இயற்கணிதத்தை அப்படி நீட்டிப் பார்க்கலாம் என்பது என் யோசனை. முழுக்க முழுக்க என்னுடையது. பி.எச்டி. முடித்த பிறகு ஒன்பது வருடத்தில் எனக்கு வந்த ஒரே யோசனை. பஸ்ஸில், விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே, உட்கார இடம் கிடைக்காத நாட்களில் நின்றுகொண்டே யோசித்தது. அது சரியாக வரவேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. வேறு காரணம் எதுவும் இல்லை. தாணு என் விடையை வாங்கி நம்பி அதன் மேல் கட்டுரை எழுதினான். நிலைப்புள்ளி வராது என்ற அந்த வாக்கியத்தை, நான் வராது என்று சொன்னதால் எழுதினான்.

நாளைக்கு அவன் அந்தக் குழுவின் முன்னால் போய் நிற்கப்போகிறான். அங்கே யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் அவன் மானம் போகும். யாரும் கேட்காவிட்டால் வேலை கிடைக்கும். பிறகு அனிர்பான் எழுதுவான், ஊரே சிரிக்கும். எப்படிப் பார்த்தாலும் நான்தான். விடிந்ததும் சொல்லிவிடுவேன்.

மார்ச் 27, புதன்

விடிந்ததும் சொல்லவில்லை. காலைச் சாப்பாட்டில் சொல்லவில்லை. ஆட்டோவில் எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சிக்னலில் சொன்னேன். நிலைப்புள்ளி, ஆறு அரை, பிரித்தால் என்ன வருகிறது என்று மூன்றே வாக்கியம். அவனுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. சிக்னல் விழுந்து ஆட்டோ நகர்ந்து அடுத்த நிறுத்தம் தாண்டும்வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பத் தெரியும்?"

"நாலாந் தேதி."

அதைச் சொல்லும்போது நாக்கு கூசவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

உரை எல்லோருக்கும் திறந்தது. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். முப்பது பேர் இருக்கும். முன் வரிசையில் குழுவினர் ஐவர், தலைவர் ஓர் அம்மாள். தாணு கொண்டுவந்த படங்கள் எதையும் திரையில் போடவில்லை. சாக்பீஸ் எடுத்து அட்டவணையை எழுதினான். ஏழாவது வரிசையில் பூஜ்யத்தை அழித்துவிட்டு அரை என்று எழுதினான். பிறகு எங்கள் முடிவு ஏன் தவறு என்று இருபது நிமிடத்தில் தெளிவாகச் சொல்லி முடித்தான். ஆட்டோவில் கேட்டதை வைத்து அவ்வளவையும் நின்ற நிலையில் கட்டினான். அவன் பேசியதிலேயே ஆகச் சிறந்த உரை அதுதான்.

தலைவர் அம்மாள், இவ்வளவு அடிப்படையான ஒன்று எப்படித் தவறிப்போயிற்று என்று கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை, உண்மையிலேயே புரியாமல் கேட்டார்.

அது என் கவனக்குறைவு, முழுப் பொறுப்பும் என்னுடையது என்றான் தாணு.

பாவி. அவன் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் உட்கார்ந்தேதான் இருந்திருப்பேன். சரியாக இருந்தபோது அவனுடையது, தப்பாகப் போன பிறகும் அவனுடையதா? கோபத்திலா, வெட்கத்திலா, இப்போதும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, எழுந்து நின்றுவிட்டேன். அது அவர் தவறில்லை என்றேன். விடையை முழு எண்ணாக்குகிற வரியை நான் எழுதினேன், அரைகளைப் பார்த்த பிறகுதான் எழுதினேன், இரண்டு வருடத்துக்கு முன்பே எனக்குத் தெரியும் என்றேன். இங்கிலீஷில்தான் சொன்னேன். இலக்கணம்கூடப் பிசகவில்லை.

தாணு கையில் சாக்பீஸோடு என்னைப் பார்த்தான். குழுவிடமிருந்து மறைத்த மாதிரி அவனிடமும் இரண்டு வருடம் மறைத்தேன் என்பது அவனுக்கு அந்த அறையில், முப்பது பேரோடு முப்பத்தோராவது ஆளாகத் தெரிந்தது.

தலைவர் அம்மாள் திரும்பி, நீங்கள் யார் என்று கேட்டார். தாணுதான் பதில் சொன்னான். என் முழுப் பெயரைச் சொன்னான். இந்தக் கட்டுரையின் அடிப்படை யோசனை இவருடையது என்றான். இரண்டு வருடத்தில் பொது இடத்தில் அவன் அதைச் சொன்னது இன்றுதான்.

நேர்காணலுக்கு அவனைக் கூப்பிட்டார்கள். பதினைந்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டான். வீட்டுக்குத் தனித்தனியாக வந்தோம்.

மார்ச் 28, வியாழன்

மின்னஞ்சல் வந்துவிட்டது. நேர்மையைப் பாராட்டுகிறார்களாம். இந்த முறை பரிந்துரைக்க இயலவில்லையாம்.

அனிர்பானுக்கு நிரலை அனுப்பினேன், அந்த வரியைச் சுட்டிக்காட்டி. நீ கண்டது சரி, தவறு என்னுடையது, உன் அத்தியாயத்துக்காக வருந்துகிறேன் என்று எழுதினேன். தாணு நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. அத்தை இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சோறு போட்டார்.

மார்ச் 30, சனி

காலையில் தாணு என் எதிரே வந்து உட்கார்ந்தான். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தைப் பத்திரிகைக்கு எழுதவேண்டும், இரண்டு பேரும் கையெழுத்திடவேண்டும் என்றான். வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வேல போனது போட்டும். ரெண்டு வருஷமா நான் அந்த டேபிளப் பத்திச் சந்தோசமாப் பேசும்போதெல்லாம் நீ பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்க. அதத்தான் என்னால தாங்க முடியல" என்றான்.

கடிதத்துக்காக, அந்த வரியைச் சேர்த்த தேதியைக் கேட்டான். அக்டோபர் பத்தொன்பது என்றேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

அன்றைக்குத்தான் மாமாவை நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தாணு இங்கிருந்து அவசரமாகக் கிளம்பும்போது, கணக்கு வந்துவிட்டது, சரியாக வந்துவிட்டது என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன். அவன் ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் குனிந்து அதை மாமாவின் காதில் சொன்னான். பையனுக்கு ஒரு நிலையான இடம் கிடைக்கவில்லையே என்று பத்து வருடம் புழுங்கிய மனிதர் சிரித்தாராம். நான்காம் நாள் போய்விட்டார்.

தாணு நெடுநேரம் என் முகத்தையே பார்த்தான். இத்தனை நாளில் முதல் தடவையாக அவன் கண்ணில் கொஞ்சம் இரக்கம் தெரிந்தது.

"அப்பாவுக்காகவா? நல்ல சேதியோட நான் போணும்னு அந்த வரியப் போட்டியா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவன் அதைக் கேட்கத்தான் உட்கார்ந்திருந்தான். ஆமாம் என்றால் எழுந்து வந்து என் தலையைப் பிடித்துக்கொள்வான், இரண்டு பேரும் சேர்ந்து அழுவோம், மே மாதத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும். அவனே கொண்டுவந்து என் கையில் வைக்கிறான். அவன் போய்ச் சரிபார்க்கவே மாட்டாத பதில். அது உண்மையாக இருந்திருக்கவும் கூடும். எவ்வளவு நெருக்கத்தில் இருந்தது என்றால், நான் வாயைத் திறந்தே விட்டேன்.

"இல்ல தாணு. வரியக் காலையிலயே எழுதிட்டேன். மாமாவுக்கு முடியலன்னு போன் வந்தது மத்தியானம்."

அவன் தலையை ஆட்டினான். மடிக்கணினியை என் பக்கம் தள்ளி, மணியையும் சேர்த்துப் போடு என்றான். ஒன்பது நாற்பது என்று போட்டேன். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட்டான். பிறகு நான் போட்டேன்.